தலைவலி நாளில் எதிரில் இருப்பவர் மனசு பிடிபடுமா?

ஓசூர் வாசகர் ஒருவரின் கேள்வி, ஏப்ரல் 7

என் மனைவிக்கு மைக்ரேன், ஒற்றைத் தலைவலி என்பார்களே, அது. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலிதான். வலியைக்கூடப் புரிந்துகொள்கிறேன். ஆனால் கொஞ்ச காலமாக நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரிவதில்லை. ஷிப்ட் முடித்து அசந்துபோய் வந்து உட்கார்ந்தால் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள். விளையாட்டாக ஒன்று சொன்னால் குத்திக்காட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்கிறாள். தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை என்மேல் அக்கறை போய்விட்டதா? என் வீட்டில் இரண்டாவதுதான் என்கிறார்கள்.

ஏப்ரல் 8

சம்பந்தம் உண்டு தம்பி. அக்கறை போய்விட்டது என்ற பேச்சை மட்டும் வீட்டில் வளர விடாதீர்கள்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழுவில் ஊக்குநராக, அதாவது குழுவை நடத்துகிறவராக இருக்கிறேன். எனக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வலி உண்டு, இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் நாள்பட்டதாக மாறிவிட்டது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு, இப்படி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட மைக்ரேன் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கும் அதுதான் போலிருக்கிறது. உறுதியாகச் சொல்ல வேண்டியது டாக்டர்.

ஒருத்தர் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று பிடிப்பது தானாக நடக்கிற காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நல்ல நாளில் அப்படித்தான் நடக்கிறது. வலி வந்த நாளில்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும், மிக்சி சத்தம் மண்டைக்குள் இறங்கும், வயிறு புரட்டும், இத்தனையையும் தாங்கிக்கொண்டு எழுந்து நிற்பதற்கே இருக்கிற தெம்பெல்லாம் சரியாகிவிடும். எங்கள் ஊரில் சாயந்திரம் வோல்டேஜ் குறைந்தால் லைட் மங்கலாக எரியும், ஆனால் போர் மோட்டார் ஓடாது, தண்ணி மேலே ஏறாது. அந்த மாதிரிதான். வாயிலிருந்து வருகிற சொல் காதில் விழும், அதற்குப் பின்னால் இருப்பது ஏறி வராது. நீங்கள் "ஒண்ணுமில்ல" என்றால், ஒன்றுமில்லை என்றுதான் அவருக்குப் போய்ச் சேரும்.

ஏப்ரல் 8, இரவு

வலி இல்லாத நாளிலும் இப்படி இருக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கும். வலி என்பது நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு முந்தின நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணம் இல்லாத எரிச்சல் எல்லாம் ஆரம்பிக்கும். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் மைக்ரேன் உள்ள ஒரு பெண்ணை 30 நாள் தினமும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், 2016-ல் வெளியான ஆய்வு. வலி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளேயே மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ் வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. பசியும் தூக்கமும் அந்த இடத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. வலி போன அப்புறமும் ஒரு நாள், இரண்டு நாள் தலை கழுவி விட்ட மாதிரி காலியாக இருக்கும், பேச்சு ஓடாது. இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். மாதம் 15 நாள் வலி உள்ளவருக்கு முழுத் தெளிவோடு எத்தனை நாள் மிஞ்சும்? அந்த மிச்ச நாளில்தான் பிள்ளை, சமையல், மாமியார், ஆடு மாடு, சொந்தக்காரர், உங்கள் மனநிலை எல்லாம் அடங்க வேண்டும்.

ஏப்ரல் 10

"இதுக்கு ஆதாரம் என்ன, சும்மா சொல்றீங்களா" என்று கேட்டவருக்கு. நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் மகள் நர்சிங் படிக்கிறாள், ஆங்கிலத்தில் இருப்பதை அவள் படித்துச் சொல்ல, நான் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது.

மற்றவர் மனசை ஊகிக்கிற திறமையைச் சோதிக்கப் பல வழி வைத்திருக்கிறார்கள். பெயர் பெற்ற ஒன்று கண் சோதனை. கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் செய்தது, 2001-ல் திருத்தி வெளியிட்டார்கள். 36 படம். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய கண் பகுதி மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நாலு சொல் இருக்கும், அந்தக் கண்ணில் இருக்கிற உணர்ச்சி எது என்று எடுக்க வேண்டும். இன்னொரு வகையில் கதை சொல்லி, இந்தக் கதையில் யாராவது தெரியாமல் இன்னொருவர் மனம் நோகப் பேசிவிட்டாரா என்று கேட்பார்கள். இத்தாலியில் நாள்பட்ட மைக்ரேன் உள்ளவர்களையும் தலைவலி இல்லாதவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில், மைக்ரேன் உள்ளவர்கள் இந்த மாதிரி சோதனைகளில் பின்தங்கினார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது மாதிரி வேலைகளும் அவர்களுக்குக் கடினமாக இருந்தன, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதும் தெரிந்தது. நான் மேலே தெம்பு என்று எழுதினேனே, அது கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள். தனக்குள்ளே ஓடுகிற உணர்ச்சி என்ன என்று இனம் காண முடியாத தன்மை நாள்பட்ட வலிக்காரர்களிடம் அதிகம். இது கோபமா, பயமா, துக்கமா, இல்லை வெறும் உடம்பு அசதியா என்று தனக்கே பிரித்துத் தெரியாது. தன்னுடையதே தெரியாதபோது அடுத்தவருடையதை எப்படி எடுப்பது?

ஆனால் ஒன்று. இவற்றை வைத்து மைக்ரேன்தான் நேராக இதைச் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாள்பட்ட மைக்ரேன் உள்ளவர்களில் பலருக்கு மனச்சோர்வும் உண்டு, தூக்கம் சரியில்லை, மாத்திரை வேறு. எது எவ்வளவு என்று பிரிப்பது சுலபம் இல்லை. அப்புறம், அந்தக் கண் படங்களில் இருப்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். நம் ஊர்ப் பெண் ஒருத்தி மாமனார் எதிரில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த 36 படத்தில் மார்க் குறையலாம். அதை வைத்து அவருக்கு மனசு தெரியாது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் 10, சற்று நேரம் கழித்து

"அப்போ இது ஆட்டிசமா?" இல்லை. ஆட்டிசம் பிறந்ததிலிருந்து ஒருவர் இருக்கிற விதம். இது ஏறும், இறங்கும், நல்ல மாதத்தில் நல்லாவே இருக்கும். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள், ரெண்டு பக்கத்தாருக்கும் அநியாயம்.

ஏப்ரல் 13

மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெட்டிக்கடையிலேயே வலி மாத்திரை கிடைக்கும். தக்காளி பறிக்கப் போகிற பெண்கள் முந்தானை முடிச்சில் வைத்திருப்பார்கள், காலையில் ஒன்று போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவார்கள். பாராசிட்டமால் மாதிரி சாதா வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே கொடுக்கிற டிரிப்டான் வகையையோ பல மருந்து கலந்த மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி 3 மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இது எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது கூட்டம் முடிந்ததும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. மாணவர்களுக்கு 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, அடிபட்டவர்கள், மனம் உடைந்தவர்கள் பற்றிய கதைகளைப் படிக்கச் சொல்லி, இவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கேட்டார்கள். மாத்திரை போட்டவர்கள் மற்றவருடைய வலியைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, கொஞ்சம்தான். ஆரோக்கியமான இளம் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கே இப்படி என்றால், வாரத்தில் பாதி நாள் மாத்திரையில் ஓட்டுகிறவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு வந்தது. மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. தானாக நிறுத்தினால் வலி ஒரேயடியாகக் கூடும், டாக்டரோடு சேர்ந்துதான் குறைக்க வேண்டும்.

வலி வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் கவனியுங்கள். டோப்பிராமேட் சிலருக்குச் சொல் கிடைக்காமல் தடுமாற வைக்கும். அமிட்ரிப்டிலின் சிலருக்குத் தூக்கக் கலக்கத்தைத் தரும். எனக்கு டோப்பிராமேட் கொடுத்தபோது குழுவின் தீர்மான நோட்டு எழுதுகையில் "ஒப்புதல்" என்ற சொல்லுக்காகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த குழுப் பிரதிநிதி எடுத்துக் கொடுத்தார். டாக்டரிடம் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார். வாய்விட்டுச் சொன்னதால் மாறியது.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். காலையிலிருந்து வலி. பதில்களைப் படித்தேன், அப்புறம் எழுதுகிறேன்.

ஏப்ரல் 17

"வலியில் இருக்கும்போது எப்படித்தான் ஆட்களை நடத்துகிறீர்கள், நீங்கள் பணம் புழங்குகிற இடத்தில் இருக்கிறீர்களே" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி அக்கா. தமிழ்நாட்டில் மகளிர் குழு முதன்முதலில் தொடங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், கிருஷ்ணகிரி பிரியாத காலத்தில், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் நிதி உதவியோடு. அந்தக் காலத்திலிருந்தே குழு என்பது கணக்கு பாதி, முகம் பாதி. யாருக்கு உண்மையிலேயே கடன் தேவை, யார் புருஷன் தூண்டிவிட்டு வந்திருக்கிறார், யார் கட்ட முடியாமல் தவிக்கிறார், யார் கட்ட முடிந்தும் இழுக்கிறார், இதெல்லாம் நோட்டில் இருக்காது. வட்டமாக உட்கார்ந்திருக்கிறபோது முகத்தில் இருக்கும்.

போன வாரக் கூட்டத்தையே சொல்கிறேன். அங்கன்வாடித் திண்ணை, மேலே தகரக் கூரை, மத்தியானம் மூன்று மணி வெயில் எதிர்ச் சுவரில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. பாயில் சேமிப்புப் பணம், சில்லறை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். எனக்கு இடது நெற்றிப்பொட்டில் வலி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குழுப் பணத்திலிருந்து உள்கடன் கேட்டிருந்தாள். முறை வந்தபோது "பரவால்லக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள். எனக்குக் கேட்டது அவ்வளவுதான், வேண்டாம் என்கிறாள். முகத்தைப் பார்த்தேன், முகம் எனக்கு எதையும் சொல்லவில்லை. அந்த மாதிரி நாளுக்கென்று எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, நேராகக் கேட்டுவிடுவேன். "எனக்கு இன்னைக்கு தலை சரியில்ல, மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்க முடியல, வாயத் திறந்து சொல்லு. பணம் இன்னைக்கு வேணுமா, வேணாமா?" கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கால் பெருவிரலால் பாயின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அப்புறம் "வேணும்க்கா, பசங்களுக்கு ஸ்கூல் வண்டிப் பணம் நாளைக்குக் கடைசி" என்றாள். பிரதிநிதி தீர்மானம் எழுதினார், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், வாங்கிக்கொண்டு போனாள்.

இதுதான் அக்கா என் வழி. ஊகிக்கிற வேலையை வாய்க்கு மாற்றிவிடுவது. மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது குழுவில் எல்லோருக்கும் தெரியும், நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அவர்களே சுற்றி வளைக்காமல் பேசுகிறார்கள். பெரிய தொகைக் கடன், யாரையாவது குழுவிலிருந்து நீக்குவது மாதிரி விஷயம் வலி நாளில் வந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவேன்.

தம்பி, உங்களுக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் நுழையும்போதே "இன்னைக்கு ரொம்ப அலுப்பு, உன்மேல கோவம் எல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 19

"என் கணவருக்கும் மைக்ரேன். வலி வந்தால் கத்துகிறார், சில நேரம் கை நீட்டுகிறார். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் நான்தான் பொறுத்துப் போக வேண்டும் போல."

இல்லம்மா. இதில் நான் கறாராக இருக்கிறேன். வலியில் இருப்பவர் முகத்தைத் தப்பாகப் படிக்கலாம், சிடுசிடுக்கலாம், ஒரு சொல் கூடக் குறையப் பேசிவிடலாம், வலி இறங்கினதும் வந்து சரி செய்ய வேண்டும். கை நீட்டுவதை மைக்ரேன் செய்வதில்லை. வலியின் உச்சத்தில் எங்களுக்கெல்லாம் தலையை அசைக்கவே முடியாது, இருட்டறை தேடிப் படுக்கத்தான் தோன்றும். நான் எழுதுகிற எதுவும் அடிப்பதற்குச் சாக்கு ஆகக் கூடாது. 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். உங்கள் ஊரில் குழு இருந்தால் ஊக்குநரிடம் சொல்லுங்கள். நீங்கள் தனியாக இல்லை.

ஏப்ரல் 25

இன்றைக்கு ஊரில் ஒரு சாவு. அதனால் இதை எழுதத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னிப்பார்கள், சாவுக்கு வராவிட்டால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சாவு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தலுக்கு வெளியே பம்பையும் மேளமும், உள்ளே ஒப்பாரி, ஊதுவத்தியும் சாமந்தி மாலையும், நடுவில் பட்டாசு. மைக்ரேன்காரருக்கு இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே போதும். சத்தம், வாசனை, வெயில், பட்டினி நாலும் சேர்ந்தால் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். சில பேருக்குத் தோலே வலிக்கும், தலை சீவ முடியாது, கொண்டை போட முடியாது. சாவு வீட்டில் கட்டிப் பிடித்து அழுகிறபோது யாராவது தலையில் கை வைத்தால் உயிர் போகும்.

எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அது முன்பு நடந்த ஒரு சாவில், செத்துப்போனவர் என்னைத் தூக்கி வளர்த்த சித்தி. நான் பந்தலில் நின்றது கொஞ்ச நேரம்தான், கண்ணில் தண்ணி வரவில்லை. வலி ஏறிய நேரத்தில் அழவும் வராது, அழுதால் இன்னும் இடிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, வறண்ட முகம்தான் தெரியும். மூன்று நாள் கழித்து, எல்லோரும் கலைந்துபோன அப்புறம், சித்தி மகளோடு போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். களி கிண்டிக் கீரை கடைந்து வைத்துவிட்டு, அவள் பேசினதையெல்லாம் கேட்டேன். சத்தம் இல்லாத அந்த அடுப்படியில் எனக்கு அவள் மனசு நல்லாத் தெரிந்தது. அவள் அழுதது சித்திக்காக மட்டும் இல்லை, தம்பிகள் வீட்டைப் பிரிக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்ற பயம் அதற்குள் இருந்தது. அதை அவளாகச் சொல்வதற்கு முன்பே நான் கேட்டேன்.

அதனால் எங்களுக்கு மனசு தெரியாது என்று மொத்தமாக எழுதுகிறவர்களிடம் எனக்கு வருத்தம். எந்த இடம், எந்த நேரம், எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. ஒருத்தர் எதிரில், மங்கின வெளிச்சத்தில், பசியில்லாத வயிற்றோடு இருக்கிறபோது நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

இன்றைக்கு மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே விடியற்காலையில் போய் மாலை போட்டுவிட்டு, இறந்தவருடைய மருமகளிடம் பேசிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன்.

மே 3

முதல் நாள் எழுதினதைத் திருப்பிப் படித்தேன். தெம்பு குறைவதால் மற்றவர் மனசு ஏறி வராது என்று எழுதினேன். அது வலி நாளுக்குச் சரி. முந்தின நாளுக்கு நேர் எதிராகவும் நடப்பது உண்டு, அதையும் சேர்க்க வேண்டும். வலி வருவதற்கு முன்னால் எனக்கு எல்லாம் கூடுதலாகவே ஏறும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண் போனில் மெதுவாகச் சண்டை போட்டால் என் நெஞ்சு படபடக்கும். டிவியில் யாரோ அழுதால் நானும் அழுவேன். உணர்ச்சி முழுக்க வந்துவிடும், ஆனால் அது யாருடையது, எதற்காக என்று பிரிக்கத் தெரியாது. ஒருத்தரோடு சேர்ந்து துக்கப்படுவது வேறு, அவர் ஏன் துக்கப்படுகிறார் என்று கண்டுபிடிப்பது வேறு. முதலாவது எங்களுக்குத் தாராளமாக இருக்கிறது, இரண்டாவதுதான் தட்டுப்பாடாக இருக்கிறது. ஓசூர்த் தம்பியின் மனைவி அவருடைய அலுப்பைக் கோபம் என்று எடுத்துக்கொண்டதும் இப்படித்தான் இருக்கும். ஏதோ சரியில்லை என்பது அவருக்கு உடனே பட்டிருக்கிறது. என்ன என்பதுதான் மாறிப்போயிருக்கிறது. அக்கறை இல்லாதவருக்கு முதலாவதே பட்டிருக்காது தம்பி.

மே 4

வைத்தியம் சொல்கிற எல்லோருக்கும் நன்றி. சுக்குப் பத்து, நொச்சி ஆவி, வெற்றிலைச் சாறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், எனக்கு வலி வந்தால் கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுத்திப் போடுவார். அடுப்பில் மிளகாய் வெடிக்கிற நெடியில் வலி இரண்டு மடங்கு ஆகும். அதற்காக நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, ஏனென்றால் சுத்துகிறபோது அவர் கை நடுங்கும், எனக்காகப் பயந்திருக்கிறார் என்று அந்த வலியிலும் எனக்குத் தெரிந்தது. ஒரு நல்ல நாளாகப் பார்த்து, "அத்தை, நெருப்புல போடாம ஆத்துல கரைச்சிடலாமா, நெடி தாங்கல" என்று கேட்டேன். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானடி" என்றார். இப்போது சுத்திவிட்டு உப்பை மட்டும் தண்ணியில் கரைத்துவிடுகிறார். மிளகாய் குழம்புக்குப் போகிறது, திருஷ்டி பட்ட குழம்பு என்று என் மகன் கேலி செய்துகொண்டே இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றிக்கொள்கிறான்.

மே 16

ஓசூர்த் தம்பி பதில் போட்டிருக்கிறார், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சொல்லிவிட்டு உட்காருவது பலன் தருகிறதாம். ஆனால் அவர் எழுதின இன்னொரு வரி என்னை யோசிக்க வைத்தது. "அவள் முகத்தைப் பார்த்தால் எப்போதும் என்மேல் வெறுப்பாக இருப்பது மாதிரியே இருக்கிறது."

இதை நாம் யாரும் பேசவில்லை பாருங்கள். இத்தனை நாள் மைக்ரேன்காரர் அடுத்தவரைப் படிப்பதையே பேசினோம். அடுத்தவர் மைக்ரேன்காரரைப் படிப்பதும் அதே அளவுக்குத் தடுமாறுகிறது. வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கினால் முறைப்பு. தாடையை இறுக்கினால் கோபம். தலையை அசைக்காமல் பதில் சொன்னால் திமிர். வாசனை தாங்காமல் மூக்கைத் திருப்பினால் அருவருப்பு. வலிக்கிற முகமும் வெறுக்கிற முகமும் பார்க்கிறவருக்கு ஒன்றாகவே தெரியும். வெறுப்பு முகத்தைத் தினமும் பார்க்கிறவர் தானும் முகத்தை இறுக்கிக்கொள்வார், அதை எதிரில் இருப்பவர் கோபம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தப்பாகப் படித்துக்கொண்டு, இரண்டு பேரும் தன்னைத்தான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். என் கல்யாண வாழ்க்கையில் நடுவில் சில வருடம் இப்படித்தான் போனது, அந்த வருடங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் முன்பின் தெரியாத ஒரு தம்பிக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இதை உடைத்தது மகள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழட்டாமல் வாசற்படியில் நின்று கேட்பாள், "அம்மா, கோவமா, வலியா?" வலி என்றால் பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கோபம் என்றால் அங்கேயே நின்று சண்டை போடுவாள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது பெரியவர்கள் எங்களுக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு பிள்ளை வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அம்மா முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மே 17

நேற்று எழுதினதோடு ஒன்று. குழுவில் யாருக்கு மைக்ரேன் என்று எனக்கு வாயால் கேட்காமலே தெரிகிறது. தூண் நிழலுக்குள் நகர்ந்து உட்காருவார், இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைப்பார், மல்லிப்பூ வைத்தவர் பக்கத்தில் உட்கார மாட்டார். ஒரே வலி உள்ளவர்களை நாங்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறோம். இதை யாராவது சோதனையாக வைத்தால் நாங்கள்தான் முதலில் வருவோம்.

ஜூன் 2

ஓசூர்த் தம்பி மனைவியை பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்புக்கும் பார்க்கிற நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறார், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். ஓசூரிலிருந்து பக்கம்தான், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதீர்கள், ஒரு கருப்புக் கண்ணாடியும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இது நம் பக்கத்தில் அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை. கர்நாடகத்தில் பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வு 2015-ல் வந்தது, ஒரு வருடத்தில் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலில் ஒருவர். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் வேறு தண்ணியா குடிக்கிறோம்?

ஒரு நோட்டுப் போடுங்கள். வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, எத்தனை. இதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், பெட்டிக்கடை மாத்திரையையும் சேர்த்து. ஆஸ்துமா இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், ப்ரொப்ரனலால் என்கிற தடுப்பு மாத்திரையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

அதோடு நீங்கள் இங்கே முதல் நாள் கேட்டதையும் அப்படியே சொல்லுங்கள். பேச்சைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார், முகம் பிடிபடுவதில்லை என்று. இதெல்லாம் குடும்ப விஷயம், டாக்டரிடம் எதற்கு என்று நினைப்போம், நானும் ரொம்ப காலம் சொல்லவில்லை. நான் போன ஒரு இடத்தில் சொன்னபோது, கண்ணாடி மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள், அதற்காக விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு இருக்கிறதா, தூக்கம் எப்படி, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டியவர்களுக்கு இந்தத் தகவல்தான் வழி காட்டும். சொல்லும்போது உங்கள் மனைவி எதிரிலேயே, அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தன்னைப் பற்றிப் புகார் படிக்கிறார் என்று அவருக்குப் படக் கூடாது.

ஜூன் 2, இரவு

அவசரமாக ஒன்று, எல்லோருக்கும். இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று உச்சத்தில் வருகிற தலைவலி, கை கால் ஒரு பக்கம் இழுப்பது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதில் எது வந்தாலும் மைக்ரேன்தானே என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் குழுவில் இதைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.